ராசாவின் தொந்தி

2008 ஐப்பசி 19

உடுப்புப் பெட்டியை ட்ராக்டரில் ஏற்றுவதற்குள் இன்றைக்கு ஒரு குட்டிச் சண்டை. ட்ராக்டர்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறார்: "தங்கச்சி, அரிசி மூட்டையை ஏத்திறதோ, உங்கட கூத்துச் சேலையளை ஏத்திறதோ? சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுது. உங்களுக்கு ஆட்டம் கேக்குதோ?"

"அரிசி முடிஞ்சுபோம் அண்ணை. இது முடியாது" என்றேன்.

"அப்ப முடியாததைத் தின்னுங்கோவன்" என்று முணுமுணுத்துவிட்டு ஏற்றினார். நல்ல பதில்தான்.

கிளிநொச்சிப் பக்கம் இனி இருக்க முடியாது. சிட்டுக்கூடு முழுவதும் இரண்டு ட்ராக்டரில் அடங்கிவிட்டது. யுத்தத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குக் காலையில் பாடம், பின்னேரம் நாடகமும் படமும் பாட்டும். இதுதான் எங்கள் வேலை. நடத்துகிறவர் அருளப்பு மாஸ்டர். நாடகமும் உடுப்பும் என் பொறுப்பு.

பெட்டிக்குள் முடி இருக்கிறது, முகமூடிகள் இருக்கின்றன, சேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ராசாவின் தொந்தி. ஊராரின் விதைநெல்லைத் தின்று கொழுத்த ராசாவின் கதை எங்களுடைய முதல் நாடகம். நானே சாக்குத்துணியில் தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, கட்டுவதற்கு நாடாவும் வைத்தேன். அதை முதன்முதலில் கட்டி ஆடியவன் ரூபன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. மேடையில் தொந்தியைத் தடவிக்கொண்டு அவன் ஏப்பம் விட்டதற்கு முன்வரிசை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது அவன் இயக்கத்துப் போராளி. பெயரும் வேறு, செழியனாம்.

ஐப்பசி 28

புது இடம். தேக்கங்காட்டு ஓரம். தரப்பாள் கூடாரத்தின் ஒரு பக்கத்துக்குக் கரிமை பூசிக் கரும்பலகை ஆக்கியிருக்கிறோம். காற்று அடித்தால் கணக்கெல்லாம் ஆடுகிறது.

மதியம் கிபிர் விமானம் வந்தது. பிள்ளைகள் பங்கருக்குள் இறங்கினார்கள். மாஸ்டர் மேலே நின்றபடி கழித்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. மண் முழுவதும் எங்கள் தலையில். பிறகு போய்ப் பார்த்தால், மாட்டுக்கொட்டிலும் மாடும் மாட்டுக்காரரும் எது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தன. பிள்ளைகளைப் பார்க்க விடவில்லை. ஆனால் துசாந்தி பார்த்துவிட்டாள்.

துசாந்திக்கும் தங்கை மிதுலாவுக்கும் ஆவணியில்தான் தாய் செத்தாள். கிணற்றடியில் செல் குண்டு விழுந்தது. தகப்பன் முன்பே இல்லை. துசா எங்களிடம் வரும்போது பேசவே மாட்டாள். மிதுலாவுக்கு ஆறு வயது, அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஆனால் துசாவை மேடையில் ஏற்றினால் போதும். இத்தனை வருடத்தில் இவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைக்கவில்லை. நட என்றால் நடப்பாள். கிழவியாக நட என்றால் முழங்கால் நோகிறது என்று நமக்கே தெரியும்.

கார்த்திகை 9

படைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட இயக்கத்துக்காரர் இப்போது இழுத்துக்கொண்டே போகிறார்கள். பிள்ளைபிடி என்றுதான் சனம் சொல்கிறது. துசாவுக்குப் பதினேழு நடக்கிறது. ஒரு கிழமையாக ஊரில் கலியாணமோ கலியாணம். பதினாறு வயதுப் பெட்டைகளுக்கு எல்லாம் கழுத்தில் மஞ்சள் கயிறு. கட்டினவர்களை விட்டுவிடுகிறார்களாம்.

பெட்டியைத் திறந்து நாடகத் தாலியை எடுத்துத் துசாவுக்குக் கட்டிவிட்டேன். கட்டினது ஆனியிலேயே, மாப்பிள்ளை கடற்தொழில், முல்லைத்தீவுப் பக்கம் நிற்கிறார், பெயர் யூட். எல்லாம் நான் போட்ட கதை.

மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "சறோ, பிள்ளையளின்ர பயத்தை வெளியில எடுக்கத்தான் நாங்கள் நாடகம் வைச்சிருக்கிறம். நீர் அதுக்குள்ள பொய்யைக் கொண்டு வாறீர்."

"நாடகமே பொய்தானே மாஸ்டர். இத்தனை வருசமாத் தெரியாதோ?"

"மேடையில ஒரு திரை இருக்கு. விழுந்தால் எல்லாரும் வீட்டை போவினம். உம்மட நாடகத்துக்குத் திரை எங்க?"

பெரிய ஞானி. பிடித்துக்கொண்டு போனால் இவரா போய்த் தடுப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கார்த்திகை 30

கட்டினவர்களையும் பிடிக்கிறார்கள். நேற்று பக்கத்துத் தரப்பாளில் கலியாணம் முடித்து இரண்டு கிழமையான பெட்டையை இழுத்துப் போனார்கள். தாய் பிக்கப்பின் பின்கதவைப் பிடித்துத் தொங்கினாள். விரலில் துவக்குப்பிடியால் குத்தினார்கள். கிரவல் ரோட்டில் முகம் தேய விழுந்தாள். பல்லைப் பொறுக்கிச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு திரும்பி வந்தாள். ஏன் பொறுக்கினாள் என்று தெரியவில்லை.

பிள்ளைத்தாச்சிகளை இன்னும் தொடவில்லை.

மார்கழி 4

ராசாவின் தொந்தியைப் பிரித்து முக்கால்வாசிப் பஞ்சை எடுத்துவிட்டேன். துசாவுக்கு ஐந்து மாதம் என்று தொடங்கியிருக்கிறோம். இதுவரை தொளதொள சட்டையில் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மாதத்துக்கு மாதம் பஞ்சைத் திரும்ப அடைக்க வேண்டும்.

ஐந்து மாதத்தில் ஒருத்தி எப்படி நடப்பாள், எப்படி எழும்புவாள், இருமும்போது எங்கே பிடிப்பாள் என்று துசாவுக்குக் காட்டினேன். "அக்கா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "வேலையைப் பார்" என்றேன்.

மார்கழி 11

வயிறு சரி, கை சரியில்லை. பிள்ளைத்தாச்சியைக் காட்டிக்கொடுப்பது வயிறு அல்ல, கை. திடுக்கிட்டால் உண்மையான தாய்க்குக் கை முதலில் வயிற்றுக்குத்தான் போகும், பிறகுதான் மற்றது எல்லாம். துசாவுக்குத் திடுக்கிட்டால் கை காதுக்குப் போகிறது. செல்லுக்குப் பழகின பிள்ளை, வேறு என்ன செய்யும்?

அதனால் விளையாட்டு ஒன்று கண்டுபிடித்தேன். யாராவது பின்னால் வந்து திடீரென்று கத்த வேண்டும், தகரத்தைத் தட்ட வேண்டும், அவள் பெயரைக் கூப்பிட வேண்டும். அவளுடைய இடக்கை வயிற்றுக்கடியில் போகாவிட்டால் கத்தினவருக்கு ஒரு பிஸ்கற். பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோசம் உண்டா? நாள் முழுவதும் துசாவின் பின்னால்தான் திரிகிறார்கள். மிதுலாதான் மோசம். நித்திரையால் எழும்புகிற நேரத்தில் போய்க் காதுக்குள் கத்துகிறாள்.

நான் பூவரசங்கம்பு வைத்திருக்கிறேன். பிழைத்தால் மணிக்கட்டில் ஒன்று. அழுதாள். அழட்டும். அடிபட்டுப் படிப்பது மறக்காது.

மார்கழி 25

நத்தார். மாஸ்டர் கிறிஸ்து பிறந்த பாட்டுப் படிப்பித்தார். இன்றைக்கு ஒருவருக்கும் பிஸ்கற் கிடைக்கவில்லை. துசா பிழைக்கவே இல்லை.

2009 தை 11

வந்துவிட்டார்கள்.

காலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இயக்கத்துக்காரர் ஆறு பேர், அதில் இரண்டு பெட்டைகள். பெட்டைகளுக்கு மயிரைக் கட்டையாக வெட்டியிருந்தது, அவர்களே பிடிபட்டு வந்தவர்கள் என்று முகத்தில் தெரிந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்ற நிதர்சனைப் பிடித்தார்கள். பதினைந்து வயது. ராசாவின் மந்திரியாக நடிப்பவன். சோக்கட்டியைக் கையில் வைத்தபடியே இழுபட்டான்.

மாஸ்டர் குறுக்கே நின்றார். போய்த் தடுப்பாரா என்று நான் கேலியாக நினைத்தேனே, தடுத்தார். அவரைக் கூடாரத்துத் தடியைப் பிடுங்கி அடித்தார்கள். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். விழுந்த பிறகும் அடித்தார்கள். முதுகில் தடி விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. இருந்த இடத்திலேயே சுவராகி இருந்தார்கள்.

பிறகு ஒருவன் துசாவைப் பார்த்தான். கிட்ட வந்து அவள் காதடியில் துவக்கை மேலே பிடித்து வெடி வைத்தான். அவள் கை காதுக்குப் போகவில்லை. நேரே வயிற்றுக்கடியில் போனது. மற்றக் கையால் நிலத்தை ஊன்றி, முழங்காலை அகட்டி மெதுவாகக் கீழே இருந்தாள்.

"விடு, பிள்ளைத்தாச்சி" என்றாள் மயிர் வெட்டின பெட்டை ஒருத்தி. போய்விட்டார்கள்.

மாஸ்டரின் வாயைக் கழுவி விட்டேன். அவருக்குப் பேச முடியவில்லை. துசாவைக் காட்டித் தலையை ஆட்டினார். ஆம் என்று ஆட்டினாரா, இல்லை என்றா, தெரியவில்லை.

தை 30

திரும்பவும் இடம்பெயர்வு. ரோட்டு முழுவதும் சனம். பாலத்தடியில் செல் விழத் தொடங்கியது. எங்களுக்கு முன்னால் சைக்கிளில் தாயை வைத்து உருட்டிக்கொண்டு போனவர் இருந்தார். பிறகு சைக்கிள்தான் இருந்தது. ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து கிடந்தபோது என் முதுகில் சூடாக ஏதோ விழுந்தது. ஒருவருடைய கை. தூக்கி வெளியே போட்டேன். மோதிரம் இருந்தது.

சத்தம் நின்றதும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எல்லாரும் தலையை மூடிக்கொண்டு கிடக்கிறார்கள். துசா ஒருத்தி மட்டும் ஒருக்களித்து, இடக்கையால் வயிற்றைத் தாங்கியபடி கிடக்கிறாள். பஞ்சுக்குக் காவல். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

மாசி 15

ரூபன் வந்தான்.

வெளியே யாரோ "சறோக்கா" என்று கூப்பிட்டது கேட்டது. பார்த்தால் வாசலில் துவக்கோடு நிற்கிறான். ஒரு காலை இழுத்து நடக்கிறான். இருபது வயதுக்கு நாற்பது வயது முகம். சீனி இல்லாத தேத்தண்ணி கொடுத்தேன். குந்தியிருந்து குடித்தான். துசா அடுப்படியில் விறகு முறித்துக்கொண்டிருந்தாள். அவன் கண் அவளை விட்டு அகலவில்லை.

"எத்தினை மாதம் அக்கா?"

"ஏழு முடியுது. மனுசன் கடற்தொழில்."

"ம்." தேத்தண்ணியை ஊதினான். "ஏழு முடியுதெண்டால் கொஞ்சம் இறங்கியிருக்க வேணும். மேல நிக்குது."

"ஆம்பிளைப் பிள்ளைக்கு இதுகளில என்ன கதை?"

"அந்த முடிச்சு பின்னால முள்ளந்தண்டில கடிக்கும். ஒரு துணியை மடிச்சு வைச்சால் கடிக்காது. எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை." கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பினான். "வாறன் அக்கா."

அவன் என்ன சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். தேயிலை இன்றோடு முடிந்துவிட்டது. துசாவின் நாடாவைக் கொஞ்சம் இறக்கிக் கட்டி, முடிச்சுக்கடியில் துணி வைத்தேன்.

மாசி 23

ஆமிப் பக்கம் போகிற சனத்தோடு சனமாக ஒரு பெண் குண்டைக் கட்டிக்கொண்டு போய் வெடித்ததாகக் கதைக்கிறார்கள். ஆமியும் செத்ததாம், சனமும் செத்ததாம். அதற்குப் பிறகு அங்கே பெண்களைத்தான் கூடச் சோதிக்கிறார்களாம். இங்கே ஆயிரம் கதை வருகிறது, எதை நம்புவது?

மழை. விறகெல்லாம் ஈரம்.

பங்குனி 9

அருளப்பு மாஸ்டர் போய்விட்டார்.

பங்குனி 10

கஞ்சி வரிசையில் நின்றிருக்கிறார். செல் நேரே வரிசையில். தகரப் பேணியை வைத்துத்தான் அடையாளம் கண்டேன், அதில் அவர் சிட்டுக்கூடு என்று ஆணியால் எழுதி வைத்திருந்தார். கஞ்சியும் இரத்தமும் மணலில் ஒன்றாக ஊறிக் கிடந்தது. பசியில் ஒரு நாய் வந்தது. கல்லால் எறிந்தேன், போகவில்லை. அதைக் கொல்லும்வரை எறிந்தேன்.

பங்குனி 11

பாடம் நடந்தது. ஏழாம் வாய்ப்பாடு.

சித்திரை 3

முழுப் பஞ்சும் உள்ளே போய்விட்டது. இனி அடைக்க ஒன்றும் இல்லை. வயிறு ராசாவின் வயிறு அளவுக்கு வந்துவிட்டது. துசா மெலிந்து எலும்பும் தோலும், முன்னால் இது ஒன்று. பார்க்கிறவர்கள் எல்லாரும் பாவம் என்கிறார்கள். அரை அகப்பை கஞ்சி கூடுதலாகக் கிடைக்கிறது. அதை மிதுலா குடிக்கிறாள்.

பக்கத்து பங்கரில் இருக்கிற பரமேஸ் அக்கா நாலு பிள்ளை பெற்றவர். விடிந்தால் வந்து நிற்கிறார். "காலில வீக்கம் இல்லையே, ஆச்சரியமாக் கிடக்கு. எப்ப நோக்காடு எண்டாலும் என்னைக் கூப்பிடுங்கோ. ஒருக்காத் தடவிப் பாப்பமே?"

"அவளுக்குக் கூச்சம் அக்கா" என்று தள்ளிவிட்டேன். எத்தனை நாளைக்குத் தள்ளுவது? யானைகூட ஒருநாள் ஈன்றுதானே ஆக வேண்டும். வயிறு இறங்கினால் பிள்ளை எங்கே என்பார்கள். இறங்காவிட்டால் இது என்ன வயிறு என்பார்கள். பிள்ளைபிடி இப்போது பகலிலும் நடக்கிறது. பதினாலு வயதையும் விடுவதில்லை. வயிற்றுக்கும் காலம் முடிகிறது.

துசா சொன்னாள்: "அக்கா, கழட்டிப்போட்டு நான் போறன். எல்லாரும் போகினம்தானே."

கன்னத்தில் அறைந்தேன். அறை விழுந்ததும் அவள் இடக்கை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். முதலில் அவள்தான் சிரித்தாள்.

சித்திரை 16

கடலேரியால் சனம் அந்தப் பக்கம் போகிறது. பிடித்தால் சுடுகிறார்கள். சுட்டாலும் போகிறார்கள். நாங்களும் போகிறோம்.

திட்டம் இதுதான். இந்தக் கரை அணைக்கட்டில் இயக்கத்துக்காரர் காவல் நிற்கிறார்கள், அதைத் தாண்டும்வரை வயிறு இருக்க வேண்டும். அந்தக் கரையில் ஆமி நிற்கிறது, அங்கே வயிறு இருக்கக் கூடாது, குண்டென்று நினைப்பார்கள். அதனால் நடுத் தண்ணீரில் கழற்றி விட்டுவிடுவோம். தண்ணீர் நெஞ்சளவுதானாம், நடந்தே போகலாமாம். மாஸ்டர் திரை எங்கே என்று கேட்டாரே, இதுதான் திரை.

மற்றப் பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் கூட்டிப் போய்விட்டார்கள். மிச்சம் நிற்பது துசா, மிதுலா, மிதுலாவின் வயதுப் பெடியன் கபில், இன்னும் மூன்று குஞ்சுகள். பெட்டியில் உள்ள சேலைகளை முடிந்து கயிறு ஆக்கியிருக்கிறேன். முடியையும் முகமூடிகளையும் பங்கருக்குள் புதைத்துவிட்டேன். இந்தக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொள்வேன்.

சித்திரை 26, முகாம்

கொப்பியைப் பொலித்தீனால் எடுத்த முதல் நாள் இன்றைக்குத்தான்.

விடிகிற வெளிச்சத்தில் வெளிக்கிட்டோம். அணைக்கட்டில் சனம் நெருக்கி ஏற ஏற, காவலில் நின்றவர்கள் காலுக்குக் குறி வைத்துச் சுட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு மனிசன் நின்றபடியே விழுந்து, தன் முழங்காலைத் தேடினார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டினேன்.

மேலே ரூபன் நின்றான். பக்கத்தில் இன்னொருவன் துசாவை நோக்கித் துவக்கை நீட்டினான். ரூபன் அந்தக் குழலைக் கையால் பிடித்து வானத்துக்குத் தள்ளினான். "பிள்ளைத்தாச்சியடா! வழி விடு!" துசா இடக்கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவனைக் கடந்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் தண்ணீரில் இறங்கின பிறகு பின்னால் இரண்டு வெடி கேட்டது. நான் திரும்பவில்லை.

தண்ணீர் நெஞ்சளவு இல்லை. கொஞ்சத் தூரத்திலேயே எனக்குக் கால் எட்டவில்லை. செல் விழுந்து தண்ணீர் தூணாக எழும்பி விழுந்தது. மீன் செத்து மிதந்த மாதிரி சனம் மிதந்தது. சேலைக் கயிற்றில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மூன்று குஞ்சுகளும் ஒன்றின் பின் ஒன்றாக அந்தத் துண்டோடு போய்விட்டன. கத்தக்கூட இல்லை. நான் கத்தினேன்.

துசா தாழவில்லை. இலவம்பஞ்சு. நான் அதை யோசித்ததே இல்லை. ராசாவின் தொந்தி அவளை நிமிர்த்தி மேலே வைத்திருந்தது. ஒரு பக்கம் மிதுலா, மறுபக்கம் கபில், இரண்டும் அந்த வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி. நான் துசாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். நாலு உயிர் அந்தச் சாக்குத்துணியில் மிதந்தது.

"அக்கா, நடுவுக்கு வந்திட்டம். கழட்டவோ?"

கழற்றினால் பிள்ளைகள் எதைப் பிடிப்பார்கள்?

"இப்ப வேண்டாம். கரைக்குப் போய்ப் பாப்பம்" என்றேன்.

கரை வந்தது. கால் சேற்றில் பட்டது. மணல் மேட்டுக்கு மேலே ஆமிக்காரர்கள். எங்களைக் கண்டதும் ஒருவன் கத்தினான். சின்னப் பெடியன், மீசைகூட இல்லை. துவக்கை எங்களை நோக்கி நீட்டினான். முதலில் அவன் பாஷையில் கத்தினான். பிறகு தமிழில்: "கை தூக்கு! கை தூக்கு!"

நான் தூக்கினேன். கபில் தூக்கினான். மிதுலா தூக்கினாள்.

துசா வலக்கையைத் தூக்கினாள். இடக்கை வயிற்றுக்கடியில் போனது.

மூன்று வெடி. மல்லாந்து விழவில்லை, முழங்காலை அகட்டி மெதுவாக இருந்தாள், நான் பழக்கின மாதிரியே. இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். ஒத்திகையில் ஒரு கட்டம் முடிந்ததும் சரியோ அக்கா என்று பார்ப்பாள் அல்லவா, அந்தப் பார்வை. பிறகு சரிந்தாள்.

அந்தப் பெடியன் கிட்ட வந்து துவக்கு நுனியால் சட்டையை விலக்கினான். சாக்குத்துணி கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. அப்படியே குந்தியிருந்து, குடித்தது எல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தான். மிதுலா இன்னும் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றாள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

வைகாசி 8

தண்ணீர் வரிசையில் பரமேஸ் அக்காவைக் கண்டேன். அவரும் தப்பி வந்திருக்கிறார். "உங்கட பெட்டைக்கு என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

பெண் என்றேன்.

வைகாசி 29

மிதுலா பேசுவதில்லை. ஆமியைக் கண்டால் இரண்டு கையையும் தூக்குகிறாள். ஆமி இல்லாவிட்டாலும் தூக்குகிறாள். கபில் சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான், ஆட்களைக் கடிக்கிறான்.

எல்லாரும் ஆமிக்காரன் பிழையாக நினைத்துவிட்டான் என்கிறார்கள். ஓம் என்கிறேன்.

ஆனி 28

கொழும்பிலிருந்து சிறுவர் தொண்டு நிறுவனம் ஒன்று முள்ளுக்கம்பிக்குள் வர அனுமதி எடுத்திருக்கிறது. தர்சிகா என்று ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, கிரேயோன்ஸ் பெட்டியோடு வந்தாள். "அக்கா, நீங்கள் நாடகம் பழக்கினவராம். எங்களோட சேருங்கோவன்" என்றாள். "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்து வாசலிலேயே இருந்தேன்.

அவள் பிள்ளைகளை வட்டமாக இருத்தினாள். படம் கீறலாம், பாட்டுப் படிக்கலாம், விருப்பமானதை நடித்துக் காட்டலாம் என்றாள்.

மிதுலா எழும்பினாள். கூடாரத்துக்குள் வந்து என் தலைமாட்டில் கிடந்த சீலைப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகினாள். வெளியே போய் நடுவில் நின்றாள். "நான்தான் துசாக்கா" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை.

தர்சிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கியது. கபில் ஒரு தடியை எடுத்து மணல் குவியலில் ஏறினான். ஒரு பிள்ளை தண்ணீர், இரண்டு பிள்ளைகள் செல். மிதுலா தண்ணீரைக் கடந்து கரைக்கு வந்தாள்.

"கை தூக்கு!" என்றான் கபில்.

வலக்கை மேலே போனது. இடக்கை வயிற்றுக்குப் போனது. அந்த விளையாட்டில் ஆகக் கூடுதலாகப் பிஸ்கற் வாங்கினவள் அல்லவா, துசாவைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"டும்" என்றான் கபில். மிதுலா முழங்காலை அகட்டி இருந்து, சரிந்தாள். கண்ணை மூடவில்லை.

"திரும்பச் செய்வம்" என்றாள்.

திரும்பச் செய்தார்கள். திரும்பவும் இடக்கை போனது. டும். மூன்றாம் முறை மிதுலாவுக்கு ஆத்திரம் வந்து மணலை உதைத்தாள். "கரையேற வரேல்லை! எனக்கு வரேல்லை!" என்று கத்தினாள். வட்டத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"சறோக்கா, எப்பிடிச் செய்யிறது? சொல்லித் தாங்கோ."

எழும்பினேன். வட்டத்துக்குள் போனேன். மிதுலாவின் இடக்கையைப் பிடித்தேன். மணிக்கட்டு குச்சி. கம்பால் துசாவுக்கு நான் அடித்தது இந்த இடத்தில்தான்.

"இந்தக் கையை எடு" என்றேன். "வயித்தில வைக்க வேண்டாம். ரெண்டையும் மேல தூக்கு."

"விட்டால் வயிறு விழுந்திடுமே?"

"விழட்டும்."

"நீங்கள்தானே அக்கா விடக்கூடாது எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம். நான்தான் சொன்னனான். பிழையாச் சொல்லித் தந்திட்டன் பிள்ளை. பிழையாச் சொல்லித் தந்திட்டன்."

மிதுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் திரும்பிப் போனாள். பிறகு கரையை நோக்கி வந்தாள். "கை தூக்கு!" என்று கபில் கத்தினான். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். சீலைப் பொட்டலம் நழுவி மணலில் விழுந்தது. கபில் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தடியைக் கீழே போட்டான்.

அவள் கையை இறக்கிக்கொண்டு அவனைக் கடந்து கரையேறினாள்.

பிறகு எல்லாருக்கும் துசாக்காவாக நடிக்க வேண்டுமாம். ஒவ்வொருவராக வரிசையில் நின்று, பொட்டலத்தைச் செருகி, கையைத் தூக்கி, கரையேறினார்கள். சோற்று மணி அடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்று கை சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.